மேட்டூர் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரி இடம் கொடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் மன அழுத்தம், மன அமைதி பற்றியெல்லாம் அடிக்கடி கட்டுரை வருகிறது. ஒன்று விடாமல் படிக்கிறேன். நன்றாகத்தான் எழுதுகிறார்கள், ஆனால் கடைசிப் பத்திக்கு வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே மருந்துச் சீட்டு: போனை அணைத்து வையுங்கள், இரண்டு நாள் இயற்கையோடு இருந்துவிட்டு வாருங்கள். சேலத்துக்காரர்களுக்கு இயற்கை என்றால் ஏற்காடு, வேறென்ன. அடிவாரத்தில் இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கினால் மனசு சரியாகிவிடும் என்று டாக்டரும் சொல்கிறார், பக்கத்து வீட்டிலும் சொல்கிறார்கள், இப்போது பேப்பரிலும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரோட்டில் போய்ப் பார்த்தால் தெரியும், காருக்குப் பின்னால் கார், குரங்குக்கு சிப்ஸ் வீசுகிறவர்கள், மேலே போனால் படகுக்கு வரிசை. போகிறவர்களைக் குறை சொல்லவில்லை. வாரம் பூராவும் உழைத்தவர்கள் ஒரு நாள் குளிர்காற்றில் நின்றுவிட்டு வரட்டும். போக முடியாதவர்கள் என்ன செய்வது என்பதுதான் என் கேள்வி.

அப்படிப் போக முடியாதவர்களில் நானும் ஒருத்தி. கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறோம். மாடியில் துணி காயப்போடப் போனால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும், எனக்கும் ஏற்காட்டுக்கும் இப்போதைக்கு அவ்வளவுதான் உறவு. அம்மாவுக்கு மறதி நோய். கேஸ் அடுப்பைத் திறந்து விடுவது, கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கி என்றைக்கோ இடித்துவிட்ட ஒரு வீட்டைத் தேடுவது, சாப்பிட்டுக் கை கழுவியதும் 'எனக்கு இன்னும் சோறு போடலை' என்று எதிர்வீட்டில் போய்ச் சொல்வது, இதையெல்லாம் இந்த நோயைப் பார்த்த வீடுகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரர் காலையில் லாரி புக்கிங் ஆபீசுக்குப் போனால் திரும்ப இரவாகிவிடும். அம்மா மதியம் கண் அசருகிற கொஞ்ச நேரம்தான் எனக்கென்று இருப்பது. அந்த நேரத்திலும் ஜன்னலை விட்டு ரொம்பத் தூரம் நகர முடியாது.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு காம்பவுண்டுச் சுவர், அதை ஒட்டி சாக்கடை, இரண்டுக்கும் நடுவில் யாரும் நடாமல் தானாக முளைத்த ஒரு எருக்கஞ்செடி. கொஞ்சம் தள்ளி ஈ.பி. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம், ஒயரில் உரசுகிறது என்று அவ்வப்போது வந்து பாதியாக வெட்டிவிட்டுப் போவார்கள், அதுபாட்டுக்குத் திரும்பத் தழைக்கும். என் இயற்கை மொத்தமும் இதற்குள் அடக்கம்.

எருக்குப் பக்கமே சின்ன வயதில் அம்மா எங்களை விடமாட்டாள், பால் கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று விரட்டுவாள். அதனாலேயோ என்னவோ, இத்தனை வயசுக்கு அந்தச் செடியைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. ஒரு மதியம் அதன் இலையில் புழு இருந்தது. வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக, நடுநடுவே மஞ்சள் பொட்டு, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. கொஞ்சம் சின்னதாக இன்னொன்று இலைக்கு அடியில் இருந்தது. அது செய்வதைத்தான் நான் கண் கொட்டாமல் பார்த்தேன். எடுத்த எடுப்பில் இலையைத் தின்னவில்லை. முதலில் வட்டமாக ஒரு கோடு கடித்தது. கடித்த இடத்தில் எல்லாம் பால் கசிந்தது. பால் வடிந்து நிற்கிற வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் வட்டத்துக்கு உள்ளே இருக்கிற இலையை மட்டும் கொறிக்க ஆரம்பித்தது. எருக்கம்பால் ஒட்டும், விஷமும் கூட. சின்னப் புழு நேராக வாய் வைத்தால் வாயே ஒட்டிக்கொள்ளும். அந்த விஷம் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்வதால்தான் பின்னாளில் பட்டாம்பூச்சியான பிறகு பறவைகள் அதைத் தின்னத் தயங்குகின்றன என்று மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். வெந்தய வரியன் என்று பெயராம். ஆரஞ்சு நிறம், சிறகு நுனியில் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. நம் ஊரில் எல்லாச் சாக்கடை ஓரத்திலும் பறக்கிறதுதான்.

சரி, இதில் மன அமைதி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அமைதியெல்லாம் வரவில்லை. வந்தது வேறு.

தங்கை சென்னையில் இருக்கிறாள். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா பழம், சேலை, சத்துமாவு டப்பா எல்லாம் வாங்கிக்கொண்டு வருவாள். அவள் படியேறும்போதே அம்மா முகம் மலர்ந்துவிடும், 'வந்துட்டியா கண்ணு' என்பாள். ராத்திரி பகலாகக் கூடவே இருக்கிற என்னைப் பார்த்து 'நீ யாரு வூட்டுப் புள்ள, இருட்டிப்போச்சு, உங்கம்மா தேடுவாங்க, போ' என்பாள். தங்கை ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்கு உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கும், ஒரு வேலையும் ஓடாது. கேட்பவர்களிடம் அசதி என்றே சொல்வேன். அப்படி ஒரு மதியம், பெரிய புழு இலை ஓரத்தை அரைவட்டமாகக் கொறித்து இறங்கி, தலையைத் தூக்கி, மறுபடி மேலே இருந்து ஆரம்பித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, சம்பந்தமே இல்லாமல் ஒரு சொல் மனசில் வந்து நின்றது. பொறாமை. அசதி இல்லை, கூடப் பிறந்தவள் மேல் பொறாமை. வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, பேர் போடாமல் எழுதுவதால் எழுதுகிறேன்.

பேர் தெரிந்ததும் அது பாதியாகக் குறைந்துவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால் அடுத்த தடவை தங்கை வந்தபோது நான் சமையலறையில் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைக்கவில்லை, அம்மாவை அவளிடம் விட்டுவிட்டு மூக்கனேரிக் கரை வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். ராத்திரி அவளிடம் சொல்லியும் விட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'அக்கா, ஒரு தடவையாச்சும் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்களா, யோசிச்சுப் பாரு. என்னைச் சித்தின்னு நெனச்சுக்கிட்டுத்தான் கண்ணுங்கறாங்க' என்றாள். இத்தனை நாள் அவளும் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

இதைச் சொன்னால் உடனே, பார்த்தீர்களா, இயற்கை நமக்கு எவ்வளவு பாடம் கற்றுத் தருகிறது என்பார்கள். அந்தப் பேச்சுதான் எனக்கு ஒத்துவராதது. எறும்பிடம் சுறுசுறுப்பு, காக்கையிடம் ஒற்றுமை, வாழையிடம் தியாகம் என்று பள்ளிக்கூடத்தில் இருந்தே பழக்கிவிட்டார்கள். காலையில் போனைத் திறந்தால் சூரியகாந்திப் படத்தின் மேல் ஒரு பொன்மொழி. இப்படிப் பார்க்கிறவர் எறும்பைப் பார்ப்பதே இல்லை, எறும்பின் மேல் யாரோ எழுதி வைத்த வாசகத்தைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்தப் புழு எனக்கு எதுவும் கற்றுத் தரவில்லை, பொறாமையைப் பற்றி அதற்கு என்ன தெரியும். கண்ணுக்கு ஒரு வேலை கிடைத்தது, அதுவும் கஷ்டமில்லாத வேலை, அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. கோயிலில் கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்கு மளிகைக் கணக்குதான் வருகிறது, எல்லாருக்கும் அப்படி இருக்காது.

இதைப் படித்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர்களாக இருந்த ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதி 1989-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் கவனத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். கணக்கு எழுதுவது, நெரிசலில் வண்டி ஓட்டுவது, நோயாளி அடுத்து என்ன செய்வாரோ என்று காவல் இருப்பது எல்லாம் நாமாக முயன்று பிடித்து வைக்கிற கவனம், அது சோர்ந்துபோகும். இலை அசைவது, மேகம் நகர்வது, தண்ணீரில் வெயில் விழுவது இதெல்லாம் நம் முயற்சி இல்லாமலே கண்ணை இழுக்கும், ஆனால் முழுசாக இழுத்துக்கொள்ளாது, மிச்சம் இருக்கிற இடத்தில் நம் யோசனைகள் ஓடலாம். டிவி சீரியலும் முயற்சி இல்லாமல்தான் இழுக்கிறது, அதில் மிச்சம் இடம் இருப்பதில்லை. 2015-ல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் சிலரை 90 நிமிடம் மரம் செடி உள்ள இடத்திலும், வேறு சிலரைப் போக்குவரத்து மிகுந்த சாலையிலும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். முதல் கூட்டத்துக்கு, நடந்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக் குமைகிற பழக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. எங்களைப் போன்றவர்கள் 90 நிமிடத்துக்கு எங்கே போவது என்றால், அதற்கும் ஒரு ஆய்வு இருக்கிறது, பழையது. ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் வெளியிட்டார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரம் தெரிகிற அறையில் இருந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிகிற அறையில் இருந்தவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. படுத்த படுக்கையாக, ஒரு அடி நகராமல், ஜன்னல் வழியாகப் பார்த்தது மட்டும்தான் அவர்கள் செய்தது. சேலத்தில் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்களும் வீட்டுக்கு மனை போடுகிறவர்களும் இதைப் படித்தால் நன்றாக இருக்கும்.

போன வருஷம் அந்தப் புங்க மரத்தில் காக்கா கூட்டில் குயில் முட்டையிட்டுவிட்டது போல. குஞ்சு வெளியே வந்து கிளையில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பிளந்து கத்த, காக்கா ஓடி ஓடி ஊட்டியது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். என் மகள் 'லூசுக் காக்கா, ஏமாத்தறது தெரியாம ஊட்டுது' என்றாள். எதிர்வீட்டு அம்மா, மூத்தாள் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், 'ஊட்டுன கைக்கு எது யாரு குஞ்சுன்னு தெரியும், தெரிஞ்சுதான் ஊட்டுது' என்றார். காக்கா இரண்டு பேர் சொன்னதையும் காதில் வாங்காமல் அது வேலையைப் பார்த்தது. காக்கையைப் பற்றி எதிர்வீட்டு அம்மா சொன்னது சரியா தப்பா என்று பறவை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லட்டும். ஆனால் முப்பது வருஷமாக அந்த அம்மா வாயைத் திறந்து சொல்லாத ஒன்று அன்றைக்குத் தெருவில் வைத்து வெளியே வந்தது, கேட்ட எங்கள் எல்லாருக்கும் புரிந்தது, யாரும் எதுவும் கேட்கவில்லை.

நம்முடைய பழைய அகப்பாட்டுக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். தோழி நாரையைப் பற்றியோ வயல் நண்டைப் பற்றியோதான் பேசுவாள், தலைவனுக்கு எங்கே உறைக்க வேண்டுமோ அங்கே உறைக்கும். உள்ளுறை என்று அதற்கு இலக்கணமே வைத்தார்கள். நிலம், பொழுது, பூ, பறவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அதற்குள்தான் மனசை வைத்தார்கள், நாரை நமக்குக் கற்றுத் தரும் பாடங்கள் ஐந்து என்று பட்டியல் போடவில்லை. மலை குறிஞ்சி, அதற்குக் கூடல். தேனிலவுக்கு ஏற்காடு வருகிறவர்கள் இலக்கணம் தெரியாமலே இலக்கணப்படிதான் நடக்கிறார்கள். காத்திருத்தல் முல்லைக்கு உரியது, அந்தக் கணக்கில் சேலம் ஜங்ஷன் முழுக்க முல்லை நிலம்தான்.

மேலே சொன்ன சித்தி, அம்மாவின் தங்கை, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறார். கொஞ்சம் காபி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காபி, இன்றைக்கு அந்த மலைக்காரர்களின் வயிற்றுப்பாடு. மாசி, பங்குனி வாக்கில் ஒரு மழை விழுந்தால் சித்தி போன் பண்ணுவார், 'பேஞ்சிருச்சு கண்ணு, அடுத்த வாரம் பாரு' என்று. அதுவரைக்கும் கணுவுக்குக் கணு மொட்டு அசையாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். மழை பெய்து எட்டு, பத்து நாளில் ஒரே விடியலில் கிளை முழுக்க வெள்ளை, மல்லிகைக்குக் கிட்டத்தட்ட வருகிற வாசனை, தேனீச் சத்தம். இரண்டு மூன்று நாளில் பூ பழுப்பேறி உதிர்ந்துவிடும். மே மாதம் கோடை விழாவுக்குக் கார் பிடித்து வருகிறவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை. அதற்கு முன்னால் நல்ல வறட்சி இருந்தால்தான் மழைக்குப் பூ ஒருசேர வெடிக்கும் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். துன்பம் இருந்தால்தான் மலர்ச்சி என்று இங்கே ஒரு பொன்மொழி ஓடி வந்து நிற்கும், அதை அப்படியே அனுப்பிவிடுங்கள். சித்தி சொல்வது இதுதான்: 'அந்த வாசனை வந்தா எனக்கு அழுகையா வருது. ஏன்னு தெரியல, தெரிய வேண்டாம்னு வுட்டுட்டேன்.' அதுவும் சரிதான். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கட்டுரையைக் கத்தரித்து வீட்டில் இருப்பவர் முன்னால் நீட்டுவார்கள். செடியைப் பார்ப்பது வைத்தியம் ஆகாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதற்கு இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது என்றால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்கிற டெலி மானஸ் எண்ணில் காசு இல்லாமல் தமிழிலேயே பேசலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களும் பேசலாம், நோயாளிக்கு மட்டும் உள்ள எண் இல்லை அது.

இப்போது எதற்காக எழுதினேனோ அதற்கு வருகிறேன். நீங்கள் தினமும் மேட்டூர் அணை நீர்மட்டம் போடுகிறீர்கள். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இவ்வளவு. எங்கள் வீட்டில் ஒரு சென்ட் வயல் கிடையாது, இருந்தும் வீட்டுக்காரர் காபி டம்ளரை வைத்துக்கொண்டு முதலில் அதைத்தான் பார்ப்பார், 120-ஐத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குக் காரணமில்லாத சந்தோஷம். எங்கேயோ இருக்கிற தண்ணீரோடு இந்த ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு ஒட்டுதலை வருஷக்கணக்காக வளர்த்ததில் அந்தச் சின்னப் பெட்டிச் செய்திக்கும் பங்கு உண்டு. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், தினமும் முடியாவிட்டால் வாரம் ஒருமுறை, இரண்டு வரி இடம் கொடுங்கள். இந்த வாரம் நம் ஊரில் எது பூத்தது, எது வந்தது, எது உதிர்ந்தது.

உதாரணத்துக்கு மாசியில், அஸ்தம்பட்டிப் பக்கம் புங்க மரங்கள் இலை கொட்டி முடித்துப் புது இலை விட்டாயிற்று. சித்திரையில், கொன்றை பூத்துவிட்டது, வேப்பம்பூ உதிர்கிறது, மொட்டை மாடியில் பாய் விரித்துச் சேகரிக்கலாம். மூக்கனேரியில் முக்குளிப்பான் குஞ்சுகளோடு நீந்துகிறது. பனிக்காலம் தொடங்கும்போது, வாலை ஆட்டிக்கொண்டே நடக்கிற சாம்பல் வாலாட்டி வடக்கே இருந்து வந்துவிட்டது, ஓடைக் கரைகளில் பாருங்கள். குப்பனூர் வழியில் காபிப் பூ, இன்னும் இரண்டு நாள்தான். இவ்வளவு போதும். கொண்டலாம்பட்டியில் தறிக்குழியை விட்டு எழுந்து டீ குடிக்க வெளியே வருகிறவரும், செவ்வாய்ப்பேட்டையில் நாள் பூராவும் குனிந்து கொலுசுக்குப் பொடி வைக்கிறவரும், ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கிற ஆட்டோக்காரரும் தலையை நிமிர்த்தி எதைப் பார்ப்பது என்று தெரிந்தால் பார்ப்பார்கள். பார்த்த பிறகு அவரவருக்குள் என்ன வரும் என்பது அவரவர் பாடு, அதில் பத்திரிகைக்கு வேலை இல்லை.

எழுதித் தர ஆள் கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, நம் மாவட்டத்திலும் காலையில் ஐந்து மணிக்கே எழுந்து ஏரிக்கரையில் நிற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் உங்களால் அச்சடிக்க முடியாத அளவுக்குத் தகவல் வரும். மலைக்காரர்களிடம் ஒரு போன் போட்டால் போதும். மூக்கனேரியே மக்கள் சேர்ந்து 2010 வாக்கில் தூர்வாரி, நடுவில் மண் திட்டு போட்டு, மரம் நட்டு மீட்ட ஏரிதான், அந்தத் திட்டுகளில் இன்றைக்குப் பறவைகள் அடைகின்றன. ஆகவே ஊரில் அக்கறைக்குப் பஞ்சம் இல்லை.

இரண்டே இரண்டு வேண்டுகோள். கூடு இருக்கிற இடத்தை மட்டும் அச்சில் போடாதீர்கள், மறுநாளே கேமராவோடு கூட்டம் கூடிவிடும். அப்புறம் அந்த இரண்டு வரியில் அழகிய, அற்புதமான, மனதை மயக்கும் என்கிற சொற்களுக்கு இடம் வேண்டாம், கீழே தத்துவமும் வேண்டாம். நீர்மட்டம் போடும்போது எப்படி எழுதுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள்.

பக்கத்தில் இடம் இல்லை என்று சொல்வீர்களானால் ராசிபலனில் ஒரு ராசியைக் குறைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றால் என் ராசியை எடுத்துக்கொள்ளுங்கள், கன்னி. எப்படியும் பல வருஷமாக அதில் 'வெளியூர்ப் பயணம் நன்மை தரும்' என்றுதான் வருகிறது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கன்னங்குறிச்சி, சேலம்.